என் கையைப் பார்த்து இறக்கிய மகனுக்கு

அன்புள்ள சவரிக்கு,

எழுத்து பெரிதும் சிறிதுமாக இருக்கும், வரி மேலே ஏறிக் கீழே இறங்கும். பொறுத்துப் படி. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் உருவமும் தெரிகின்றன, மூக்கு முழி தெரிவதில்லை. காலையில் வாசலில் ஸ்டூலைப் போட்டு, வெயில் தாளின் மேல் விழும்படி உட்கார்ந்து, இரண்டு நாளாக எழுதுகிறேன். உன் தம்பி தாசுவை எழுதித் தரச் சொன்னேன். "நீ பண்ணத நீயே எய்து நைனா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராக அதற்குள் போக எனக்குத் தெம்பில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நீ பம்பாயில் எந்த மூலையில் உட்கார்ந்து இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியாது. வேலைக்குக் கிளம்பும்போது படிக்காதே. வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு படி.

உன் தம்பிக்குக் கல்யாணம். அது மட்டும்தான் உன் அம்மா உனக்கு எழுதியிருப்பாள். கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தாயிற்று. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை, பெண் பேர்களை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பாரே, அந்த ஓலை. உனக்கு ஏழு வயதிருக்கும்போது யாருக்கோ ஓலை வாசித்த அன்று, கோயிலே அமைதியாக இருக்கும் சமயம் பார்த்து, "தட சொன்னா இன்னா ஆவும் நைனா?" என்று கேட்டாய். முன் வரிசை வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா உன் தொடையைக் கிள்ளினாள். நீ அழவில்லை. "யாருமே சொல்ல மாட்டாங்களா?" என்று மறுபடி கேட்டாய், அதைவிட உரக்க. எந்தக் கேள்வியையும் பாதியில் விடமாட்டாய் நீ, அந்த வயதில்.

பெண் யார் என்பதை உன் அம்மா எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெண் ஸ்டெல்லா. பாக்கியநாதனின் மகள். கப்பலுக்குள் நீ இறக்கிய தோல் கட்டு யார் கால்மேல் உட்கார்ந்ததோ அந்தப் பாக்கியநாதன்தான். சம்பந்தம் பேச உட்கார்ந்த அன்று அவர்கள் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் கல்யாணத்துக்கு வரக் கூடாது. நான் சரியென்று தலையாட்டினேன். உனக்குப் பத்திரிகை வராததற்குத் தபாலைக் குறை சொல்லாதே. அந்தத் தலையாட்டல்தான் காரணம்.

இனி கொஞ்சம் பழையதைப் பேச விடு. எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவதெல்லாம் பழையது மட்டும்தான்.

ஹார்பரில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து நான் பகலில் தூங்குவேன். ஒரே அறை. நீயும் தாசுவும் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் எங்கே போவீர்கள்? நைனா எழுந்தால் தோலை உரித்துவிடுவார் என்று உன் அம்மா சொல்லி வைத்திருந்தாள். நான் யார் தோலையும் உரித்ததில்லை, இருந்தாலும் நீங்கள் நம்பினீர்கள். சத்தம் போடாமல் விளையாடுவதற்காக கப்பலில் சரக்கு இறக்க நான் காட்டும் கை சிக்னலை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஒரு விரலை மேலே சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே பார்த்துத் தட்டினால் இறக்கு. விரித்த கையை அசையாமல் பிடித்தால் நில். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கோலிக்குண்டுக்காகச் சண்டை வரும். வாயே திறக்காமல், இரண்டு பேரும் மூக்கு விடைக்க, கையாலேயே திட்டிக்கொள்வீர்கள். தாசு உன்னைப் பார்த்து இரண்டு கையாலும் 'இறக்கு, இறக்கு' என்று தட்டுவான். நீ செத்துப்போ என்று அர்த்தமாம். நீ விரித்த கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி 'நில்' என்பாய். எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன். தூக்கம் கெட்டதுதான். சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். அந்தக் கெட்ட தூக்கத்தை இப்போது யாராவது திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்வேன்.

அந்த சிக்னலை நீங்கள் பார்த்தது ஓர் ஆயுத பூஜை அன்று. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் வீட்டு ஆட்களை ஹார்பருக்குள் விடுவார்கள். வேதக்காரர்களான நாமும் போவோம், வாஷர்மேன்பேட்டை மஸ்தான் பாயும் வருவார், எல்லோருக்கும் பொரி கடலை. மஸ்தான் பாய்தான் அப்போது நான் கை காட்டும் கப்பல் வாய்க்கு, அந்த ஹாட்சுக்கு, சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். தன் வின்சுக்குத் தானே சந்தனம் பூசிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ஆவி சீறியதும் தாசு அலறி அம்மா சேலைக்குள் புகுந்துகொண்டான். நீ மட்டும் வின்சைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"பாய், இங்க குந்திகினா உனுக்கு கீய தெரியுமா?"

"தெரியாது நைனா. கப்பல் வயிறு அந்தாண்ட கீது. எனுக்கு இன்னா தெரியும்?"

"அப்ப எப்டி எறக்குவ?"

"உங்க நைனா அந்த வாய்கிட்ட நின்னுகினு கை காட்டுவாரு. அத்தப் பாப்பேன். கையத்தான் பாக்கணும், மூஞ்சியப் பாக்கக் கூடாது. சாமியே வந்து எதுர நின்னாலும் கையத்தான் பாக்கணும்."

நீ யோசித்தாய். உன் கேள்வி பாதியில் நிற்குமா என்ன? "எங்க நைனா தப்பா காட்டிட்டா?"

மஸ்தான் பாய் வாய்விட்டுச் சிரித்தார். "அது உங்க நைனா பாவம். என் கை சுத்தம்" என்று ஈரக் கையை உன் சட்டையிலேயே துடைத்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறேன், நாம் குடியிருந்த பல குடித்தன வீட்டின் பொது முற்றத்தில் ஒரு கூடை அந்தரத்தில் தொங்குகிறது. மாடி வராந்தா உத்திரத்தில் கொச்சைக் கயிற்றைப் போட்டு, மீன் கூடைக்குள் தாசுவை உட்கார வைத்து மேலே இழுத்திருக்கிறாய். நீ மாடியில் கயிற்றைக் கைப்பிடிக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய். வின்ச்காரனுக்குக் கீழே தெரியக் கூடாதே, அதனால். கீழே நின்று கை காட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவிட்டாள். கூடை பாதியில் ஆடுகிறது. உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாயைத் திறக்கப் போனாள், நான் அவள் வாயைப் பொத்தினேன். ஒரு சத்தம் போட்டால் நீ பயந்து கயிற்றை விட்டுவிடுவாய். தொண்டையை மட்டும் கனைத்தேன். நீ தலையைத் திருப்பினாய். என் முகத்தில் அன்று என்னென்ன இருந்ததோ, நீ அதைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாய். நான் உள்ளங்கையைத் தட்டினேன், மெல்ல. நீ ஒரு சாண் விட்டாய். மறுபடி தட்டினேன். இன்னொரு சாண். எட்டு வயதுப் பையன், கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு அரைச் சாண் அரைச் சாணாக இறக்கினாய். கூடை தரையைத் தொட்டதும் தாசு உள்ளேயே எழுந்து நின்று இரண்டு கையையும் தன் தலைமேல் வைத்துக்கொண்டான். சரக்கு இறங்கியாச்சு என்பதற்கு அவனாகக் கண்டுபிடித்த சிக்னல்.

உன் அம்மாவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "தலைல கை வெக்காதடா சனியனே, தரித்திரம். எறங்குடா கீய. மேல ஒருத்தன் கீறான் பாரு, அவனும் எறங்கட்டும், இன்னிக்கி ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது." சோறு போட்டாள். உன் கையில் தேங்காய் எண்ணெயும் தடவினாள். நான் உன்னை அடிக்கவில்லை. நான் உன்னை மெச்சினேன், அதுதான் நான் செய்தது. மேஸ்திரியிடம் போய், என் பெரியவன் பிறவி வின்ச்காரன், கையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

தலையில் கை வைப்பது அன்றிலிருந்து நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிறீர்களே என்று உன் அம்மா வாசலில் நின்று பார்ப்பாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேரும் திரும்பி நின்று தலைமேல் கை வைப்பீர்கள். அவள் திட்டிக்கொண்டே உள்ளே போவாள், ஆனால் அதைப் பார்க்காமல் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஆஸ்பத்திரியில் உனக்கு அம்மை ஊசி போட்ட அன்று, கண்ணில் நீர் நிற்க, வெளியே வந்து தலைமேல் கை வைத்தாய். எட்டாவது பாஸானதும் பள்ளிக்கூட வாசலிலிருந்தே வைத்தாய். தெருவில் போகிறவர்கள், ஐயோ பாவம் பையன் பெயில் போலிருக்கிறது என்றார்கள்.

உனக்குப் பதினாறு வயது ஆனபோது என் வலது கண்ணில் முதல் புகை விழுந்தது. சிக்னல்காரனுக்குக் கண் போனால் வேலை போகும். கண் பரிசோதனைக்கு நாள் போட்டுவிட்டார்கள். உன்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முந்தின வாரமே டிஸ்பென்சரிக்குத் தலைவலி மருந்து வாங்கப் போனேன். நான் கேட்கவில்லை சவரி, ஆனால் கேட்பதற்காகத்தான் அழைத்துப் போனேன். நீ புரிந்துகொண்டாய். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை, கம்பவுண்டர் மாத்திரை எண்ணிக் கொடுப்பதற்குள், மனதில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாய். வீட்டில் ஒரு வாரம் எனக்குப் பாடம். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். ஜெபமாலை சொல்வதுபோல நான் சொல்ல, நீ துடைப்பக்குச்சியால் சுவரில் காட்ட. "எய்த்த பாக்காத நைனா. குச்சி எத்தினியாவது வரில நிக்கிதுன்னு மட்டும் பாரு." பரிசோதனையில் கம்பவுண்டர் குச்சி வைக்கும் முன்பே நான் அடுத்த வரியைச் சொல்லிவிட்டேன். "பெருசுக்கு கழுகுக் கண்ணு" என்று எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் நாம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தோம். உனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தேன். தாசுவிடம் சொல்லாதே என்றேன். நீ சொல்லவில்லை. இதையும் உன் நல்ல ஞாபகங்களில் ஒன்றாக நீ வைத்திருந்தால், என்னை மன்னித்துவிடு. எனக்கும் அது இன்னும் நல்ல ஞாபகமாகத்தான் வருகிறது.

மஸ்தான் பாய் ஓய்வு பெற்றதும் அந்த வின்சில் நீ ஏறினாய். அப்பனும் பிள்ளையும் ஒரே ஹாட்சில். கேங்கில் கிண்டல் தாங்காது. "இன்னா பெருசு, வூட்லயும் புள்ளைக்கு கை காட்டித்தான் சோறு போடுவியா?" பாக்கியநாதன்தான் அதிகம் கிண்டல் செய்தவன். அவன் கீழே, கப்பல் வயிற்றில், சரக்கு அடுக்குகிறவன். அந்த ஆறு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். என் கை அசைய நீ இறக்குவாய், நிறுத்துவாய். நமக்குள் பேச்சே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதற்குள் இடது கண்ணிலும் புகை வந்துவிட்டது. உச்சி வெயிலில் நின்று கப்பல் வயிற்றின் இருட்டுக்குள் பார்த்தால் பால் ஊற்றியதுபோல் இருக்கும். வாரக்கணக்காக நான் கண்ணால் வேலை செய்யவில்லை. பழக்கத்தால் செய்தேன். ஆறு தட்டு, ஒரு நில், மூன்று தட்டு. உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இப்போது நான் சொல்கிறேன், சரியா என்று பார். தோல் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் அடியில் ஒரு கட்டையை இழுக்கக் குனிந்திருந்தான். கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது உனக்குக் கேட்டது. நீ வின்சை நிறுத்தினாய். நான் சொல்லாமல் நீயாக நிறுத்தியது அது ஒரு தடவைதான். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். எனக்கும் சத்தம் கேட்டது. ஆனால் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று காட்ட எந்த சிக்னலும் நான் கற்றிருக்கவில்லை. வின்ச் நின்றதைப் பார்த்து யாராவது வந்து கேட்பார்களே என்ற கோபத்தில், இறக்கு என்று முன்னைவிட அழுத்தித் தட்டினேன். நீ என் கையைப் பார்த்து இறக்கினாய்.

விசாரணையில் அதிகாரி கேட்டார், சிக்னல் என்ன வந்தது என்று. நீ சொன்னாய்: "நில்லுன்னுதான் வந்துது சார். நான்தான் கவனிக்கல." சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் செருப்பின் வார் எந்த இடத்தில் தைத்திருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். மஸ்தான் பாய் சொன்னது இருக்கிறதே, அது உங்க நைனா பாவம், என் கை சுத்தம் என்று, அதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மறந்ததுபோல் நின்றாய். உன்னை வின்சிலிருந்து எடுத்தார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாய். பிறகு பம்பாய்க்கு ரயில் ஏறினாய். உன் முதல் கார்டில் "வந்து சேர்ந்தேன்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. உன் அம்மா அதைப் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தாசுவுக்கு அப்போது உண்மை தெரியாது. அண்ணன் கவனக்குறைவால் ஒரு குடும்பத்தின் கால் ஒடிந்துவிட்டது என்று அவனுக்கு வெட்கம். ஒவ்வொரு ஞாயிறும் உன் அம்மா செய்த மீன் குழம்பை டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு, பாக்கியநாதன் வீட்டுக்குப் போவான். சில வாரம் நானும் போவேன். பாக்கியநாதன் குழம்பைப் பிசைந்தபடி உன்னைத் திட்டுவான். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேரியரைக் கழுவித் தர வந்த பெண்ணோடுதான் தாசுவுக்குப் பழக்கமானது. நல்ல பெண். அதிகம் பேசமாட்டாள்.

போன ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் நிறுத்தியபோது, ஏழு வயதில் நீ கேட்டது என் காதில் விழுந்தது. யாருமே சொல்ல மாட்டாங்களா நைனா. பூசை முடிந்ததும் தாசுவைக் கையைப் பிடித்து அழைத்துப் போகச் சொல்லி, பாக்கியநாதன் வீட்டுக்குப் போனேன். அவன் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"வா சம்பந்தி. இன்னா, பந்திக்கு கோயியா ஆடான்னு இன்னும் முடிவாவலியா?"

"பாக்கியம், மூணாவது ஓலைக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றேன். சொன்னேன். அட்டை எழுத்தை மனப்பாடம் செய்ததிலிருந்து, அன்றைய தட்டு வரைக்கும். நடுவில் நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டேன். தாசு என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

பாக்கியநாதன் நீட்டிய காலைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப அந்தப் புள்ள கைல தப்பு இல்ல" என்றான்.

"இல்ல."

"மூணு வருசமா உன் வூட்டு கொயம்ப துன்னுகினு உன் புள்ளயவே திட்டிகினு இருந்தேன். நீ எதுர குந்திகினு கேட்டுகினு இருந்த. எப்டிய்யா முடிஞ்சிது உன்னால?"

அவன் மனைவி வெளியே வந்து, "ஓலைய நிறுத்து. இந்தக் குடும்பத்துல நம்ம பொண்ணு வாயவே வோணாம்" என்றாள். ஸ்டெல்லா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள் போலிருக்கிறது. "எம்மா, வட தீயிது பாரு" என்று சொல்லிவிட்டு, வந்து தாசு பக்கத்தில் நின்றாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டாள்.

பாக்கியநாதன் சொன்னான்: "கண்ணாலம் நடக்கும். எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணா? ஆனா பெரியவன் வரக் கூடாதுன்னு சொன்னேன் பாரு, அத்த மாத்திக்கிறேன். வரக் கூடாதவன் நீ. கோயிலுக்கும் வராத, பந்தலுக்கும் வராத. உன் எடத்துல அந்தப் புள்ள நிக்கட்டும். சாட்சிக் கையெய்த்த அவன் போடட்டும். அவன வரவெக்கறது உன் வேல."

சரி என்றேன். எனக்கு அது அநியாயமாகப் படவில்லை.

திரும்பி வரும்போது தாசு என்னை விட்டு இருபது அடி முன்னால் நடந்தான். ரோட்டைக் கடக்கும் இடத்தில் நின்று, திரும்பி வந்து, என் முழங்கையைப் பிடித்துக் கடத்திவிட்டு, மறுபடி முன்னால் போய்விட்டான். அன்றிலிருந்து பேசவில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம்தான். உன் அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தப் புள்ள மூணு மாசம் இந்த மூலைல குந்திகினு இருந்தானே" என்று மட்டும் சொன்னாள். பிறகு போய் உன் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை ஹார்பர் ஆபீசுக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குமாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டு, "மூணு வருசம் ஆச்சு பெருசு, வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார். அதனால் உனக்கு ஏதாவது நடக்குமா என்று தெரியாது. ஒரு நகல் இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் வாய் நிற்கமாட்டேன் என்கிறது. நாற்பது வயதானதும் கண்ணைக் காட்டு. எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகாதே. மறுபடி வின்சில் ஏறினாயென்றால், உன் காதில் சத்தம் விழுந்ததும் நிறுத்தியே வை, யார் எப்படிக் கை காட்டினாலும் சரி. கீழே நிற்கிறவன் யாரோ ஒருவரின் நைனா. உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் உன் கையைப் பார்த்து நடந்தால், பெருமைப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் பயப்படு. நான் பயப்படவில்லை. எட்டு வயதில் கயிறு அறுத்த உன் கையைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்.

கல்யாணம் அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன், காலை ஒன்பது மணிப் பூசை. திங்கட்கிழமைக்குள் வந்து சேரும்படி ரயில் ஏறு. வெள்ளைச் சட்டை தாசு தைக்கக் கொடுத்துவிட்டான், உன் பழைய அளவுக்கே. உடம்பு மாறியிருந்தால் எழுது. நீ வீட்டில் இருக்கும் நாட்களில் என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. நான் வாசலிலேயே இருந்துகொள்வேன். புதன்கிழமை நீ தாசுவின் வலது பக்கம் நில். ஸ்டெல்லாவின் அப்பாவுக்குப் படி ஏறக் கை கொடு, அவன் வேண்டாம் என்றாலும் கொடு. கையெழுத்தை முழுப் பேராகப் போடு.

கோயிலுக்கும் பந்தலுக்கும்தான் என்னை வரக் கூடாது என்றான். ரோடு எல்லோருக்கும் பொது. எதிரே ரயில்வே சுவர் ஓரம், சோடாக் கடை நிழலில் நிற்பேன். நீங்கள் வெளியே வரும்போது இருபது முப்பது வெள்ளைச் சட்டை வரும். முகம் எனக்குத் தெரியாது, யார் நீ, யார் தாசு என்று பிரிக்க முடியாது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றால், படியில் ஒரு நிமிடம் நின்று, இரண்டு கையையும் தலைமேல் வை. கல்யாணத்தில் இது என்ன தரித்திரம் என்று உன் அம்மா திட்டுவாள். திட்டட்டும். அதைப் பார்த்ததும் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். உனக்கு மனம் வரவில்லையென்றால் வைக்காதே. அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது. நான் கூட்டம் கலையும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு போகிறேன்.

உன்
நைனா